மாண்டரின் மீன் ஒன்று கைக்கு வருகிறது: எடுக்கலாமா, வேண்டாமா?

உப்புக்காற்று (அம்பத்தூர்)

வணக்கம். நண்பர் ஒருவர் வேலை மாறி வெளிநாடு போகிறார். அவருடைய ஐந்தடிக் கடல்நீர்த் தொட்டியைக் கலைக்கிறார். மற்ற மீன்களுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது, மாண்டரின் மட்டும் மிச்சம். "நீ எடுத்துக்கொள்" என்கிறார். உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாக வளைவு வளைவான கோடுகள். முதுகுத் துடுப்பின் முதல் முள் நீண்டு நிற்கிறது, அதனால் ஆண் என்று நினைக்கிறேன்.

அவரிடம் சில வருடங்களாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்கென்று அவர் தனியாக எதுவும் போட்டதே இல்லையாம். மற்ற மீன்களுக்குப் போடும் பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காதாம். காலையில் விளக்கு எரிவது முதல் அணைவது வரை கல்லைக் கொத்திக்கொண்டே திரியுமாம்.

என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு சிக்ஸ்லைன் ராஸ், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு இறால். சம்ப் (கீழே தண்ணீர் சுற்றிவரும் துணைத்தொட்டி) உண்டு, ரிஃப்யூஜியம் (பாசியும் சிற்றுயிர்களும் வளர ஒதுக்கும் அறை) இல்லை. மீன் அழகு என்பதற்காக அல்ல, நான் எடுக்காவிட்டால் ஏதோ ஒரு கடைக்குப் போய்விடும் என்பதால்தான் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

கொளத்தூரான்

யோசிக்காமல் எடுங்கள் ப்ரோ. சும்மா வருகிற மீன். பசி வந்தால் எந்த மீனும் தின்னும். கொஞ்ச நாள் பட்டினி போடுங்கள், ஃப்ரோசன் மைசிஸுக்கு (உறைந்த சிற்றிறால் உணவு) தானாக வழிக்கு வரும். டிஸ்கஸ் மீன்களை நாங்கள் இப்படித்தான் பழக்குகிறோம்.

உவர்நீர் (புதுச்சேரி)

கொளத்தூரான் தம்பி, டிஸ்கஸுக்குச் சரிப்பட்டது இதற்குச் சரிப்படாது. மாண்டரினைப் பட்டினி போட்டுப் பழக்கப் பார்த்தால் பழகுவதற்கு முன் செத்துவிடும். அதுவும் உடனே சாகாது, வாரக்கணக்கில் கரைந்து சாகும். அதனால்தான் பலர் "நல்லாத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது" என்று எழுதுகிறார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. அவர்களுக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இந்த மீன் எப்படித் தின்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இதன் அறிவியல் பெயர் சின்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். 1927-இல் ஹெர்ரே என்பவர் பிலிப்பைன்ஸில் கிடைத்த மீனை வைத்து விவரித்தார். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, அலை அடங்கிய காயல்களிலும் கரையோரப் பவளத்திட்டுகளிலும் உடைந்த பவளச் சில்லுகளுக்கு நடுவே வாழ்கிறது. ஆழம் 18 மீட்டருக்குள்தான். முழு வளர்ச்சியில் 6, 7 சென்டிமீட்டர். துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. வாய் சின்னது, கண் கூர்மையானது. கல்மேல் ஊரும் கோப்பிபாட், ஆம்ஃபிபாட் என்ற பொடி ஓட்டுயிர்கள் (இரண்டையும் சேர்த்துப் பாட்ஸ் என்போம்), சின்னச் சின்னப் புழு, குட்டி நத்தை, மற்ற மீன்களின் முட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொத்தும். ஆடு மேய்வது போல நாள் முழுக்க மேய்கிற பிறவி. ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்று மறுநாள் வரை தாங்குகிற வேலை இதனிடம் கிடையாது.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5 கொத்து என்று வையுங்கள். அதில் பாதிதான் பலிக்கிறது. 12 மணி நேரப் பகலில் 1,800 உயிர்கள் உள்ளே போகும். இது என் உத்தேசம்தான். பாதியாகக் குறைத்தாலும் 900. இப்போது கடையில் விற்கும் "லைவ் பாட்ஸ்" பாட்டிலை எடுத்துப் பாருங்கள். உள்ளே சில ஆயிரம் இருக்கும். இந்த மீனுக்கு அது இரண்டு மூன்று நாள் சாப்பாடு. பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டே மாண்டரின் வளர்ப்பவர் ஆண்டுக்கு ஒரு பைக் விலையை ஊற்றுகிறார்.

பாட்ஸ் தொட்டிக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட வேண்டும். டிஸ்பே போன்ற ஹார்பாக்டிகாய்ட் வகைக் கோப்பிபாட் நம் தொட்டி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். மீன் தின்கிற வேகத்தை இனப்பெருக்க வேகம் ஈடுகட்ட வேண்டுமென்றால் கல் நிறைய வேண்டும், அந்தக் கல்லுக்கு வயதும் ஆகியிருக்க வேண்டும். ஒரு மாண்டரினுக்கு ஒரு வருடம் ஓடிய 300 லிட்டர் தொட்டி என்று இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. அது பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

உங்கள் தொட்டி இன்று இருக்கிற நிலையில் என் பதில்: வேண்டாம். இன்னொன்று, சிக்ஸ்லைன் ராஸும் காலை முதல் மாலை வரை அதே பாட்ஸைத்தான் பொறுக்குகிறது. 150 லிட்டரில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது.

உப்புக்காற்று

விளக்கத்துக்கு நன்றி சார். இரண்டு சந்தேகம். மீன் மெலிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர் வீட்டில் பார்த்தபோது எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. அப்புறம், இதற்குச் செதில் இல்லை, வெள்ளைப்புள்ளி நோய் வராது என்கிறார்களே, உண்மையா?

உவர்நீர் (புதுச்சேரி)

மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடம்பு தலையின் அகலத்துக்குக் குறையாமல் உருண்டு போக வேண்டும். தலை மட்டும் பெரிதாக, பின்னால் குச்சியாகத் தெரிந்தால் மீன் பட்டினியில் இருக்கிறது. பக்கவாட்டில், தலைக்கு அடுத்த முதுகுச் சதை உள்வாங்கியிருக்கிறதா, நடுக்கோடு பள்ளமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வயிறு வெளியே தள்ளியிருந்தால் நல்லது. கண்ணாடியில் ஏறி நிற்கும்போது அடிவயிறு தெரியும், அதுதான் நல்ல சமயம். வாரம் ஒருமுறை அதே கோணத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். தினம் பார்க்கிறவர் கண்ணுக்கு மெலிவு தெரியாது, படத்துக்குத் தெரியும்.

செதில் இல்லை என்பது உண்மை. அதற்குப் பதில் கெட்டியான வழவழப்பு. நாற்றமும் கசப்பும் உள்ள சளி, அதனால் பெரிய மீன்கள் இதை வாயில் வைப்பதில்லை. வெள்ளைப்புள்ளி அரிது, வரவே வராது என்று இல்லை. ஆனால் அந்த நோய்க்குப் போடும் செம்பு மருந்து இதற்கு ஆகாது. காலியான தனிமைத் தொட்டியில் வைத்தால் தின்ன ஒன்றும் இருக்காது. மற்ற மீனுக்குச் செய்கிற வழக்கமான சடங்கெல்லாம் இதற்கு எதிராகவே முடியும்.

வந்ததற்கு ஒரு துணுக்கு: மற்ற மீன்களில் பெரும்பாலும் நீலம் என்பது ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் தோற்றம். மாண்டரினின் நீலம் நிஜமான நிறமி, அதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னது.

பவளமல்லி (சிங்கப்பூர்)

உவர்நீர் அண்ணா சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். "பழக்க முடியாது" என்று மட்டும் முடிவு கட்ட வேண்டாம். என்னிடம் இருக்கும் பெண் மாண்டரின் கடலில் பிடித்தது, இப்போது உறைந்த உணவு தின்கிறது. பட்டினி போட்டு அல்ல, படிப்படியாக.

தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் வலைப்பெட்டி அல்லது துளையிட்ட அக்ரிலிக் பெட்டி ஒன்று வேண்டும். மீனை அதில் விட்டு, ஒரு பாட்ஸ் நிறைந்த கல்துண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். மற்ற மீன் போட்டிக்கு வராது, போட்ட உணவும் அலையில் அடித்துப் போகாது. முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியாக் (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சு. அது துள்ளுவதைப் பார்த்தால் கொத்தாமல் இருக்காது. நன்றாகத் தின்ன ஆரம்பித்ததும் அதோடு இறால் முட்டையோ மீன் முட்டையோ கலக்க வேண்டும். முட்டை அசையாது, ஆனால் அளவும் உருண்டையும் அதன் மனதுக்குப் பிடிக்கிறது. அதற்குப் பிறகு பொடியாக நறுக்கிய மைசிஸ். பெல்லட்டை ஏற்றுக்கொள்வது அதன் இஷ்டம், எல்லாம் ஏற்காது.

ஆர்ட்டீமியாவில் ஒரு விஷயம். பொரித்த சில மணி நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். குஞ்சுக்கு முதல் பருவத்தில் வாயே கிடையாது, தன் மஞ்சள்கருவையே கரைத்துத் தீர்க்கிறது. நேரம் ஆக ஆக அதில் சத்து இறங்கும். வைத்துக் கொடுப்பதென்றால் அடுத்த பருவத்துக்கு வந்த பின் பாசியோ கொழுப்புச் சத்துக் கரைசலோ ஊட்டிக் கொடுக்க வேண்டும். வெறும் ஆர்ட்டீமியாவில் டி.ஹெச்.ஏ என்ற கொழுப்பு அமிலம் மிகக் குறைவு. மீன் வயிறு புடைத்துத் தெரியும், ஆனாலும் நலிந்து போகும். கோப்பிபாட்டில் அந்தக் கொழுப்பு இயற்கையாகவே நிறைய உண்டு.

யாழ்ரீஃப் (ஸ்கார்பரோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறன். இங்கே கடைகளில் பண்ணையில் பிறந்த மாண்டரின் கிடைக்குது. அமெரிக்காவில் ஓ.ஆர்.ஏ பண்ணை 2010 வாக்கில் விற்கத் தொடங்கினது, பிறகு பயோட்டாவும் வந்தது. என்னுடையது சின்ன வயதிலேயே பெல்லட் தின்று பழகினது. அதனால் எனக்குப் பெரிய வில்லங்கம் இல்லை. அண்ணை ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறார் என்று யோசிக்கிறன். பெல்லட் தின்றால் சின்னத் தொட்டியே போதும்தானே?

உவர்நீர் (புதுச்சேரி)

யாழ்ரீஃப், பண்ணை மீன் நல்ல செய்திதான், மறுக்கவில்லை. இங்கே கைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்தது, உப்புக்காற்றின் நண்பரிடம் இருப்பதும் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெல்லட் தின்கிற மாண்டரினும் மேய்கிற மீன்தான். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை போட்டுவிட்டு மூடினால் நடுவில் இருக்கும் பத்து மணி நேரத்துக்கு அது என்ன செய்யும்? பெல்லட் தின்றுகொண்டே மெலிந்த மாண்டரின் படங்கள் ஏராளம். உங்களுடையது தெம்பாக இருக்கிறதென்றால் உங்கள் தொட்டியில் பாட்ஸும் இருக்கிறது, நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

யாழ்ரீஃப் (ஸ்கார்பரோ)

ஓம், சம்பில் பாசி உருண்டை ஒன்று இருக்குது. இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடும். அது கணக்கில் வருமென்று நினைக்கவில்லை.

பவளமல்லி அக்கா, உங்கட மீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் போடுறீங்கள்?

பவளமல்லி (சிங்கப்பூர்)

வீட்டில் இருக்கும் நாளில் நான்கு, ஐந்து தடவை. வேலை நாளில் காலையும் மாலையும்தான். மீதிக்கு ரிஃப்யூஜியம். அதனால் அண்ணா சொன்னதற்கு நான் எதிர்க்கட்சி இல்லை. பழக்குவது காப்பீடு மாதிரி: பாட்ஸ் குறைந்த மாதத்தில் மீன் தப்பிக்கும். மூலதனம் பாட்ஸ்தான்.

போடும்போது பம்பை நிறுத்திவிட்டு, கண்ணாடிக் குப்பி ஒன்றைச் சாய்த்து மணலில் வைத்து, நீளக் குழாய் வழியாக உணவை அதற்குள் இறக்குவேன். மாண்டரின் மெதுவாக ஊர்ந்து உள்ளே போய்விடும். குப்பியின் வாய் சின்னது, கோமாளி அதற்குள் தலையை விடாது.

கோவை_நீலன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடைய காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளையும் ஒன்றும் தின்னவில்லை. இதே முறை அதற்கும் ஆகுமா?

உவர்நீர் (புதுச்சேரி)

நீலன், அது வேறு ஜாதி. மூக்கு நீண்டிருப்பதே கல் இடுக்கில் இருக்கும் புழுவை இழுக்கத்தான். மீன் சந்தையில் உயிர் மட்டி வாங்கி, ஒருநாள் ஃப்ரீசரில் வைத்து, ஓட்டைத் திறந்து அப்படியே கல்லில் செருகிவையுங்கள். மிதக்கிற உணவை விட ஓட்டுக்குள் ஒட்டியிருக்கிற சதையைப் பிய்க்க அதற்குப் பிடிக்கும். ஐப்டேசியா (தொட்டியில் களையாகப் பரவும் சிறு கடல் அனிமோன்) இருந்தால் அதையும் தின்னும், எல்லாம் தின்னாது. சில மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மோனியா ஏறும்.

மட்டுறுத்துநர்

காப்பர்பேண்ட் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள் நீலன். பலருக்கும் பயன்படும்.

உப்புக்காற்று

நண்பரிடம் மறுபடி பேசினேன். அவர் கல்லையும் விற்கப் பார்த்தார், இன்னும் யாரும் எடுக்கவில்லை. கடையில் வாங்கிய செராமிக் கல், எல்லாம் ஊதா நிறப் பாசி படிந்து பழுத்துக் கிடக்கிறது. சம்பில் கீட்டோ பாசி ஒரு பந்து. கல்லோடு மீன் வந்தால் உவர்நீர் சாரின் பதில் மாறுமா?

கொளத்தூரான்

கல்லுக்கு எதற்கு நண்பரிடம் போக வேண்டும்? ராமேஸ்வரம் பக்கம் கரையில் பவளக்கல் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு ட்ரிப் போனால் பை நிறைய அள்ளலாம்.

மட்டுறுத்துநர்

அதைச் செய்யாதீர்கள், இங்கே எழுதவும் வேண்டாம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடற்குதிரையும் அப்படியே, அதனால் "மாண்டரினுக்குத் துணையாகக் கடற்குதிரை" என்ற கேள்வியும் இந்தியாவில் இருப்பவர்களுக்கு இங்கே கிடையாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. செத்த பவளம், கரையில் ஒதுங்கியது என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது.

உவர்நீர் (புதுச்சேரி)

கல்லோடு வருகிறது என்றால் கதையே வேறு. அந்த மீனை இத்தனை வருடம் வளர்த்தது உங்கள் நண்பர் இல்லை, அந்தக் கல்தான். உங்கள் தொட்டி கொள்கிற மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய புதிய கல்லில் பாதியை வெளியே எடுத்தாலும் நஷ்டமில்லை. அப்படியும் 150 லிட்டர் சிறியதுதான், அதனால் மேலும் சில வேலைகள் உண்டு.

கல்லை உலரவிடக் கூடாது. அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்து, வாளிகளில், பேட்டரி ஏர் பம்போடு கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் வெயிலில் வண்டியில் கிடந்தால் பாட்ஸ் செத்து, அழுகி, உங்கள் தொட்டியையே கலக்கிவிடும். மணலை அள்ள வேண்டாம். அடியில் பல வருட அழுக்கு இருக்கும். மேற்பரப்பிலிருந்து ஒரு டம்ளர் போதும். கீட்டோ பந்தை உதறாமல் அப்படியே எடுங்கள், உள்ளே ஒரு ஊரே இருக்கும்.

உங்கள் சம்பில் ஒரு அறையை ஒதுக்கி அந்தக் கீட்டோவைப் போட்டு, தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரத்தில் அங்கே விளக்கு எரியும்படி வையுங்கள். பாட்ஸ் பம்ப் வழியாக மேலே வரும்போது கொஞ்சம் அடிபடும், நிறையத் தப்பிக்கும். ஃபில்டர் சாக் (அழுக்கை வடிக்கும் துணிப்பை) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், தொட்டியிலிருந்து கீழே போகிற பாட்ஸெல்லாம் அதில்தான் மாட்டிச் சாகிறது. தொட்டியின் பின்மூலையில் கைப்பிடி அளவுக் கல்சில்லுகளைக் குவித்துவையுங்கள். மீன் நுழைய முடியாத இடுக்குதான் பாட்ஸுக்குப் பிரசவ அறை.

மீனை வலையில் பிடிக்காதீர்கள். செவுளருகே முள் இருக்கிறது, வலையில் சிக்கினால் இழுக்க இழுக்கக் கிழியும். விளக்கு அணைந்த பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் மெல்லத் தள்ளி எடுங்கள். தனி டப்பாவில் கொண்டுவாருங்கள், பயந்தால் விடும் சளி மற்ற மீனுக்கு நல்லதில்லை. இன்னொரு ஆண் மாண்டரினை என்றைக்கும் சேர்க்காதீர்கள், ஒன்று சாகும்வரை சண்டை போடும்.

மீன் வருவதற்கு முன் கல் வரட்டும். சில வாரம் இடைவெளி கிடைத்தால் நல்லது, நண்பர் கிளம்பும் தேதியைப் பொறுத்து. அதற்குள் சிக்ஸ்லைன் வெளியே போயிருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

உப்புக்காற்று

நண்பர் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. கல்லை முதலில் கொண்டுவந்துவிடுகிறேன். அவர் சம்பில் கொஞ்சம் கல் கிடக்கிறது, அதை வைத்து மீன் அங்கேயே இருக்கட்டும். வீட்டில் பாட்ஸ் வளர்த்து ஊற்ற முடியுமா? சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

பவளமல்லி (சிங்கப்பூர்)

தாராளமாக முடியும். நான் பால்கனியில் செய்கிறேன், இங்கேயும் சூடு குறைவில்லை. இரண்டு வாளி, ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் கடல்நீர். ஏர் ஸ்டோன் வேண்டாம், வெறும் குழாய் முனையில் குமிழி மெதுவாக வந்தால் போதும். நானோக்ளோராப்சிஸ் அல்லது ஐசோகிரைசிஸ் பாசி, தண்ணீர் லேசாகப் பச்சை (ஐசோகிரைசிஸ் என்றால் பழுப்பு) தட்டும் அளவுக்கு ஊற்றுங்கள். தெளிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். கடும் நிறமாக ஊற்றினால் கெட்டுப்போகும். எடுக்கும்போது மெல்லிய சல்லடையில் வடித்து, பாதியை மட்டும் எடுங்கள். இரண்டு வாளிக்கும் ஒரே சல்லடை, ஒரே கரண்டி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் புகுந்தால் மற்றதும் போகும்.

வெயிலுக்கு: வீட்டில் குளிர்ச்சியான மூலை, நேர் வெயில் படாத இடம். டிக்ரியோபஸ் என்ற கோப்பிபாட் சூட்டைத் தாங்கும், பெரியது, சிவப்பாக நீந்துவதால் மீன் கண்ணில் சட்டென்று படும். ஆனால் கல்லில் தங்கிப் பெருகுவது டிஸ்பேதான். வாளியில் டிக்ரியோபஸ், தொட்டியில் டிஸ்பே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவது விளக்கு அணைந்த பிறகு, கல் குவியலுக்கு மேலே.

உவர்நீர் (புதுச்சேரி)

பாசிக்கு ஒரு வழி சொல்கிறேன். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் தினமும் பாசி வளர்க்கிறார்கள், ஆர்ட்டீமியா முட்டை டின் டின்னாக வாங்குகிறார்கள். தெரிந்தவர் மூலம் கேட்டால் ஒரு பாட்டில் தாய்ப்பாசி கிடைக்கக்கூடும். அதற்குப் பிறகு கான்வே ஊட்டக் கரைசல் போட்டு நீங்களே வளர்க்கலாம். மீன்வளக் கல்லூரியில் படித்தவர் யாராவது தெரிந்தால் கரைசல் தயாரிப்பை நேரில் கேட்டுவிடுங்கள், எழுத்தில் படிப்பதை விட எளிது.

உப்புக்காற்று

சரி, எடுக்கிறேன். கல் இந்த வாரக் கடைசியில் வருகிறது, ஃபில்டர் சாக்கை இப்போதே கழற்றிவிட்டேன். மீன் வந்து சேர்ந்ததும் மேலிருந்து எடுத்த படம் போடுகிறேன், சாரும் அக்காவும் பார்த்துச் சொல்லுங்கள். இப்போது பாக்கி சிக்ஸ்லைன் ராஸ்தான். கடைக்குக் கொடுக்க மனமில்லை.

கொளத்தூரான்

ராஸை எனக்குக் கொடுங்கள் ப்ரோ. நான்கடிக் கடல்நீர்த் தொட்டி ஒன்று புதிதாகப் போட்டிருக்கிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள். மாண்டரின் எல்லாம் எனக்கு வேண்டாம் சாமி.